யுனைடெட்டுக்கு அடுத்து வரும் மேனேஜரை எதை வைத்து நம்புவது?

கேள்வி: பள்ளி நாளிலிருந்தே நான் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். நீண்டகால மேனேஜர் ஃபெர்குசன் போனபிறகு வந்த ஒவ்வொருவரையும் நம்பி, ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். வெளியே ஜெயித்தவர்கள் இங்கே வந்ததும் ஏன் தடுமாறுகிறார்கள்? அடுத்து ஒருவர் வரும்போது, அவர் நிலைப்பாரா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

பதில்: அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 2013 முதல் 2024 வரை யுனைடெட் ஆறு பேரை நிரந்தர மேனேஜராக நியமித்தது: மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக், அமோரிம். வான் காலும் மொரின்யோவும் பல நாடுகளில் லீக் பட்டம் வென்றுவிட்டு வந்தவர்கள். ஆறு பேருக்குமா தொழில் மறந்துபோயிருக்கும்? முந்தையவர் தன் பாணிக்கு வாங்கிப் போட்ட ஆட்டக்காரர்களை வைத்து, வேறொரு ஆட்டத்தை ஆடவைக்க வேண்டிய நிலை ஒவ்வொருவருக்கும் வந்தது. என் பார்வையில் முதல் காரணம் இதுதான். அதனால் மேனேஜர் யார் என்பதைவிட, ஆட்டக்காரர்களை வாங்குவது யார், எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறார் என்று பாருங்கள்.

ஃபெர்குசன் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. 1986 முதல் 2013 வரை எப்படி ஆடுவது, யார் வேண்டும் என்பதெல்லாம் அவர் ஒருவர் தலைக்குள் இருந்தது. அவருடைய கடைசி ஆண்டுகளில் ஆட்டக்காரர்களை வாங்கப் பேரம் பேசி முடித்தவர் தலைமை நிர்வாகி டேவிட் கில். 2013 கோடையில் இருவரும் ஒன்றாக விலகினார்கள். அந்தக் கோடையில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எவர்ட்டன் கிளப்பிலிருந்து வந்த மோயஸ், அங்கே தன்னிடம் ஆடிய ஃபெலைனியை வாங்க நினைத்தார். சுமார் 2.35 கோடி பவுண்டு கொடுத்தால் எவர்ட்டன் அவரை விட்டாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஜூலை முடிந்ததும் அந்தச் சலுகை காலாவதி. யுனைடெட் ஜூலையைத் தவறவிட்டு, டிரான்ஸ்ஃபர் விண்டோ (ஆட்டக்காரர்களை வாங்க, விற்க அனுமதிக்கும் காலம்) மூடும் நாளில் 2.75 கோடி கொடுத்து அதே ஆளை வாங்கியது. மேனேஜரை ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்த கிளப்பில், அவருக்கு வேண்டியதை நேரத்துக்கு வாங்கித் தர ஆள் இல்லை. ஃபெர்குசனின் பயிற்சியாளர் குழுவை மோயஸ் கலைத்ததும் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்தே மாதத்தில் அவர் வெளியேறியபோது முழுப் பழியும் அவர்மேல் விழுந்தது நியாயமில்லை.

ஆள் வாங்குவதை மேற்பார்க்கும் கால்பந்து இயக்குநர் என்ற பதவியே இங்கே 2021 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை வந்தவரெல்லாம் தன் போக்கில் ஆள் சேர்த்தார்கள், அடுத்தவர் அதைக் கலைத்தார்.

சரி, பதவி வந்தபிறகாவது மாறியதா? 2024-ஐப் பாருங்கள். மே மாதம் டென் ஹாக் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் அவரிடம் ஆடிய டி லிக்ட், மஸ்ராவி இருவரையும் ஆகஸ்டில் வாங்கித் தந்தார்கள். அக்டோபர் 28 அன்று அவரை நீக்கினார்கள். ஜூலையில் சேர்ந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் டிசம்பரில் போய்விட்டார். இடையில் வந்த அமோரிம் ஆடவைப்பது 3-4-3, அதாவது பின்னால் மூன்று பேர், நடுவில் நால்வர், முன்னால் மூவர். அதில் ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் விங்-பேக் வேண்டும். அணியில் இருந்ததோ ஓரத்தில் தாக்குதல் மட்டும் ஆடும் விங்கர்கள். தாக்குதல் ஆட்டக்காரரான அமாட் டியாலோ விங்-பேக்காக ஓடினார். கோல் பக்கம் இருக்க வேண்டிய புரூனோ பல ஆட்டங்களில் நடுக்களத்தில் பின்தங்கி நின்றார். சீசன் நடுவில் பாணியை இப்படித் தலைகீழாக மாற்றினால் என்ன ஆகும்? 42 புள்ளி, 15-வது இடம். அமோரிம் கொஞ்சமும் வளைந்து கொடுக்காதது அவர் தப்பு. ஆனால் அவர் 3-4-3 ஆள் என்பது தெரிந்துதானே கூப்பிட்டார்கள்?

"ஃபெர்குசனுக்குக் கொடுத்த பொறுமையைக் கொடுங்கள்" என்று பலர் சொல்கிறார்கள். யுனைடெட்டில் அவருக்கு முதல் கோப்பை 1990-ல்தான் கிடைத்தது, உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் இளைஞர் அணியையும் ஆள் தேடும் வலையையும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். இன்றைய மேனேஜர் கையில் அந்த அதிகாரம் கிடையாது. வெறும் பொறுமையால் பலனில்லை.

பெரிய மேனேஜர் போனால் சரிவு வந்தே தீரும் என்பதும் இல்லை. 2024-ல் மேனேஜர் க்ளாப் விலகியபோது லிவர்பூல் முதலில் விளையாட்டு இயக்குநரை அமர்த்தியது. அவர்கள், இருக்கும் அணிக்குப் பொருந்துகிற மேனேஜராக ஸ்லாட்டைத் தேடிப் பிடித்தார்கள். அந்த சீசனுக்கு வந்து சேர்ந்த புது ஆள் கியேசா ஒருவர்தான். அந்த சீசனிலேயே லீக் பட்டம் வந்தது.

ஆகவே அடுத்தவர் வரும்போது அவருடைய பழைய கோப்பைகளை எண்ணாதீர்கள். அவர் முன்பு ஆடவைத்த அமைப்பை எடுத்துக்கொண்டு, இப்போதுள்ள அணியை ஒரு தாளில் அதில் எழுதிப் பாருங்கள். நாலைந்து பேர் தங்களுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வந்து நின்றால் கவலைப்படலாம். அப்புறம் முதல் இரண்டு விண்டோ. அவரோடு முன்பு ஆடியவர்களையே வாங்கினால் பழைய கதைதான். 2025 கோடையில் வந்த குன்யா, எம்பெமோ போல, எந்த மேனேஜர் வந்தாலும் இடம் பிடிக்கக்கூடியவர்களை வாங்கினால், அது நல்ல அறிகுறி. அவரைத் தேர்ந்தெடுத்த இயக்குநர் இரண்டு வருடம் கழித்தும் அதே நாற்காலியில் இருந்தால், இன்னும் தைரியமாக நம்பலாம்.