ஐந்து வாட்டை நம்பி வெளியே கிளம்பியவர்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

போட்டி வாரயிறுதி முடிந்ததும், உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரையொருவர் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலியாளர்களின் கடிதங்கள் குவிவது வழக்கம். குறைந்த திறன் நிலையத்தை வெட்டவெளியில் அமைத்து இயக்கியவர்களும் அடுத்த முறை இயக்கவிருப்பவர்களும் எழுதியவற்றுள் சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் வானொலி 5 வாட் மட்டுமே தருகிறது. 50 வாட் பெருக்கி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. கியூ.ஆர்.பி. (5 வாட்டுக்கு மிகாத குறைந்த திறன்) பிரிவில் போட்டியிடவிருக்கும் நான் அதை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அதை இயக்கிய நொடியே நீங்கள் அந்தப் பிரிவில் இல்லை.

கேள்வி: பையில் மடக்கி வைக்கக்கூடிய ஒன்றரை மீட்டர் ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் சொன்னபடியே 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டுகிறது. இருந்தும் சனிக்கிழமை முழுவதும் அழைத்ததில் நான்கு பேர்தான் பதில் தந்தார்கள். என் வானொலியில் கோளாறா?

பதில்: வானொலியில் கோளாறு இல்லை. விளம்பரத்தில் பொய்யும் இல்லை. என் எரிச்சலே அதுதான். 50 ஓம் மின்தடை ஒன்றை ஆன்டெனா இணைப்பில் செருகினால் எஸ்.டபிள்யூ.ஆர். அப்பழுக்கில்லாமல் 1.0 காட்டும், ஆனால் அது கொடுத்த திறன் முழுவதையும் வெப்பமாக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். வானொலி தரும் திறனை ஆன்டெனா திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொள்கிறதா என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஏற்றுக்கொண்டதை என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை.

7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 43 மீட்டர். அதன் முன் ஒன்றரை மீட்டர்க் கம்பி ஒரு துரும்பு; அடியில் சுருள் வைத்த அத்தகைய கம்பியின் கதிர்வீச்சுத் தடை (திறனை அலையாக வெளியே அனுப்பும் பங்கு) அரை ஓம் அளவிலேயே இருக்கும். சுருளின் இழப்பும் தரையின் இழப்பும் சேர்ந்து 25 ஓம் என்று கொண்டால், நீங்கள் தரும் 5 வாட்டில் வானத்துக்குப் போவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. மீதி சுருளையும் மண்ணையும் சூடாக்குகிறது. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்குவதால் வரும் நட்டம் 13 டெசிபல், அதாவது எதிர்முனையில் உங்கள் குறிப்பலையின் வலிமையைக் காட்டும் மானியில் இரண்டு எஸ் அலகுகளுக்குச் சற்று அதிகம். இந்தக் கம்பி அதற்கும் மேலாக 17 டெசிபலை விழுங்குகிறது. குறைந்த திறனில் இயங்குவதாக நீங்கள் எடுத்த முடிவைக் காட்டிலும், விற்றவர் உங்களுக்காக எடுத்த முடிவே பெரிய இழப்பைத் தந்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரைக்கம்பிகளை ஒழுங்காக விரித்தால் இழப்பு குறையும். இழப்பு குறையும்போது மொத்தத் தடை வானொலி எதிர்பார்க்கும் 50 ஓமிலிருந்து விலகுவதால் எஸ்.டபிள்யூ.ஆர். பெரும்பாலும் ஏறும். அதைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டதென்று பயந்து கம்பிகளைச் சுருட்டி வைத்தவர்களை நான் அறிவேன். ஆகவே விற்பவரிடம் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்று கேட்காதீர்கள். அதே நாளில், அதே இடத்தில், அரையலை இருமுனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் எத்தனை டெசிபல் குறைகிறது என்று கேளுங்கள்; பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 142.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அந்த இருமுனை ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்: 7.03-க்கு ஏறத்தாழ 20.3 மீட்டர், 14.06-க்கு 10.1 மீட்டர். சாதாரண மின்கம்பியும் இரண்டு மரங்களும் அதற்குப் போதும்.

கேள்வி: 18650 வகை லித்தியம் செல்களால் ஆன பேட்டரி வாங்கினேன். ஒவ்வொரு செல்லிலும் 9,900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. நள்ளிரவு வரை வரும் என்று நம்பிப் போனவனுக்கு மாலையிலேயே வானொலி அணைந்துவிட்டது. குளிர்தான் காரணம் என்று விற்றவர் சொல்கிறார்.

பதில்: குளிர் மீது பழி போடுவது அநியாயம். அந்த அளவுள்ள செல்லில் நல்ல தயாரிப்புகளே 3,500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. 9,900 என்பது அச்சகத்தில் பிறந்த எண். நானும் இதேபோன்ற பேட்டரி ஒன்றை வாங்கி, இரவுத் தொடர்புகள் சூடுபிடித்த நேரத்தில் இருட்டில் உட்கார்ந்தவன் என்பதால் உங்கள் வருத்தம் எனக்குப் புரியும்.

முழுவதுமாக மின்னேற்றி, கொள்ளளவை அளக்கும் சோதனைக் கருவியில் சீரான சுமை கொடுத்து இறக்கி, வந்த எண்ணைப் படமெடுங்கள். பின் "பழுதான பொருள்" என்று எழுதாமல், "விவரத்துக்கு மாறான பொருள்" என்று எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பழுது என்றால் இதேபோன்ற இன்னொன்றை அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

அடுத்து வாங்குமுன் கணக்குப் போடுங்கள். ஏற்கும்போது 0.2 ஆம்பியரும் அனுப்பும்போது 1.2 ஆம்பியரும் எடுக்கும் வானொலியில், நேரத்தில் கால் பங்கு அனுப்பினால் சராசரி 0.45 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 11 ஆம்பியர்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எழுதியிருப்பதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். தூக்கிச் செல்லும் எடையும் கூடும்.

கேள்வி: ஆன்டெனாவை மேட்டில் கட்டி, நான் நிழலில் உட்கார வசதியாக 30 மீட்டர் கேபிள் வாங்கினேன். எடை குறைவு என்பதால் ஆர்.ஜி.-174 எடுத்தேன். சரிதானே?

பதில்: சரியில்லை. 14 மெகாஹெர்ட்ஸில் உங்கள் திறனில் பாதிக்கு மேல் அந்த மெல்லிய கேபிளிலேயே தீர்ந்துவிடும். கேபிளை வெட்டுங்கள், நிழலுக்கு ஒரு தொப்பி வாங்குங்கள்.

கேள்வி: பயன்படுத்திய வானொலி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். "மின் இணைப்பு கொடுத்தால் இயங்குகிறது" என்று எழுதியிருந்தார்கள். நிலையங்கள் நன்றாகக் கேட்கின்றன. அனுப்பும்போது மட்டும் அரை வாட்கூட வரவில்லை. விற்றவர் இப்போது பதில் தருவதில்லை.

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் அந்த வாக்கியம் ஏமாற்றுவதற்கென்றே செதுக்கப்பட்டது. திரை ஒளிர்வதும் "இயங்குவது"தான். இறுதிநிலை டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். பொருத்தமற்ற ஆன்டெனாவில் விடாமல் அனுப்பிய வானொலிகளில் இது நேர்வதுண்டு. நீங்களே திறந்து பார்க்காதீர்கள். திறந்தால் பழுது உங்கள் கைவேலை என்பார்கள். போலிச் சுமையிலும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் மின்தடை) திறன்மானியிலும் இணைத்து ஒவ்வொரு அலைவரிசையிலும் வரும் திறனைக் காணொளியாக எடுத்து, விளம்பரத்தின் படத்தோடு, பணம் செலுத்திய வழியிலேயே இன்றே முறையீடு செய்யுங்கள். அதற்கான கெடு விற்றவரின் மௌனத்துக்காகக் காத்திராது. அடுத்த முறை இந்தக் காணொளியை வாங்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எஃப்.டி.8 என்ற கணினிவழித் தொடர்பு முறையில் இயங்க மடிக்கணினியின் கடிகாரம் துல்லியமாக இருக்க வேண்டுமாம். இணையமில்லாத இடத்தில் ஜி.பி.எஸ். கருவி வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். கிளம்புமுன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு நொடிக்குள் இருந்தால் போதும்.

கேள்வி: வானொலி, பேட்டரி, ஆன்டெனா எல்லாம் வாங்கிவிட்டேன். உரிமத் தேர்வை மட்டும் இன்னும் எழுதவில்லை. போட்டி நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள் அல்லவா?

பதில்: நூற்றுக்கணக்கானவர்கள் அழைப்புக்குறிகளை (உரிமத்தோடு தரப்படும் அடையாளம்) ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொள்ளும் ஒரே நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வாங்கிய பெட்டிகளை மூடி வைத்துவிட்டு முதலில் தேர்வை எழுதுங்கள்.

கேள்வி: செங்குத்துக் கம்பியைத் தாங்க நீட்டி மடக்கும் கம்பம் தேடுகிறேன். கண்ணாடி இழையா, கார்பன் இழையா? கார்பன் எடை குறைவு என்கிறார்கள்.

பதில்: கண்ணாடி இழை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அதன்மேல் ஒட்டிச் செல்லும் கம்பியின் இசைவைக் கெடுக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு கார்பன் மீன்பிடிக் கம்பத்துக்கும் ஒரு முழுப் போட்டிக்கும் விலை கொடுத்திருக்கிறேன். கம்பம் வீணாகவில்லை, வீட்டில் ஒட்டடை அடிக்க அதைவிட எடை குறைந்த கோல் கிடைக்காது.