பாப்பாவுக்கு வந்த வேலையும் பதினைந்தாம் தேதியும்

விருதுநகரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

கடிதம் முழுக்க மகளைப் ‘பாப்பா’ என்றே எழுதியிருக்கிறீர்கள். பாப்பாவுக்கு 24 வயது. கோவையில் இரண்டு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. இப்போது பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. அதே நிறுவனம் இந்த ஓராண்டில் இரண்டு முறை ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. கல்விக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே போகலாமா என்று கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கையில் பணம் இருக்கும்போதே செலவைச் சுருக்கி, போகிறவருக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்து அனுப்புகிற நிறுவனம் ஒரு வகை. ஒருவரையும் அனுப்பாமல், சம்பளத்தை மட்டும் முப்பதாம் தேதியிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து பதினைந்துக்கும் தள்ளிக்கொண்டே போகிற நிறுவனம் இன்னொரு வகை. இந்த இரண்டாவதில் நான் பட்டிருக்கிறேன்.

2002-இல் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். முதலில் நின்றது டீ. கடைக்காரருக்கு மூன்று மாதப் பாக்கி என்று பிறகுதான் தெரிந்தது; அன்றைக்கு நாங்கள் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வந்தோம். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அதன் பிறகே சம்பளம் தள்ளிப்போனது. சம்பளச் சீட்டில் மட்டும் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் மாதம் தவறாமல் இருந்தது. விலகி ஓராண்டு கழித்துப் பணத்தை எடுக்கப் போனபோது, கடைசி ஏழு மாதங்களுக்கு ஒரு பைசாகூடக் கட்டப்படவில்லை என்றார் பி.எஃப். அலுவலக எழுத்தர்.

அன்றைக்கு அதை முன்கூட்டியே பார்க்க எனக்கு வழியில்லை. உங்கள் மகளுக்கு இருக்கிறது. ஒரு மாதத்துப் பி.எஃப். தொகையை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால், எந்த மாதத்துக்கான பணம் என்றைக்குக் கட்டப்பட்டது, எத்தனை ஊழியர்களுக்கு என்று வரிசையாக வரும். அந்த நிறுவனத்தில் வேலை பார்க்காதவரும் பார்க்கலாம். ஆட்குறைப்பு நடந்த மாதங்களில் ஊழியர் எண்ணிக்கை எவ்வளவு இறங்கியது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். எண்ணிக்கை இறங்கியிருந்து தேதி ஒழுங்காக இருந்தால் எனக்குக் கவலையில்லை. தேதி இருபதுக்கும் அடுத்த மாதத்துக்கும் போயிருந்தால், சம்பளம் இரட்டிப்பு என்றாலும் வேண்டாம் என்பேன். (சில பெரிய நிறுவனங்கள் சொந்தமாகப் பி.எஃப். அறக்கட்டளை வைத்திருக்கும், அவற்றுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது.)

இன்னும் தோண்ட வேண்டுமென்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அந்த நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கலாம். தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பில், ஆறு மாதத்துக்கு மேல் கட்டாமல் நிற்கிற பி.எஃப்., வரி பாக்கிகளை எழுதியிருப்பார்கள். உறவில் ஒரு ஆடிட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை.

அடுத்தது, உங்கள் மகள் உட்காரப் போகிற நாற்காலி, அதாவது அவர் பார்க்கப் போகிற பணி. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணம் பொய் என்று கடிதம் எழுதியபோது அங்கே சுமார் 50,000 பேர் வேலையில் இருந்தார்கள். ‘அங்கேயா இருக்கிறாய்?’ என்று ஊரெல்லாம் கேட்டது. ஆனால் கணக்குதான் பொய். வேலை கொடுத்த வாடிக்கையாளர்கள் பொய்யில்லை. மத்திய அரசு புதிய இயக்குநர்களை நியமித்தது, ஏப்ரலில் டெக் மகிந்திரா ஏலத்தில் எடுத்தது. வாடிக்கையாளர் பணிகளில் இருந்த பலருக்கு வேலை தொடர்ந்தது. ஜெட் ஏர்வேஸ் கதை வேறு. விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையில் இருந்தது. வாடகை கொடுக்க முடியாத விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு எல்லாம் நின்றது. அதை மீட்கலாம் என்ற பேச்சு ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்து, 2024 நவம்பரில் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே உங்கள் மகள் மனிதவள அதிகாரியிடம் கூச்சப்படாமல் கேட்கட்டும்: இது புதிய இடமா, அனுப்பப்பட்டவரின் இடமா? எந்த வாடிக்கையாளருக்கான பணி? அந்த ஒப்பந்தம் இன்னும் எத்தனை மாதம்? பணம் கொடுக்கிற வாடிக்கையாளரின் பணி என்றால் நல்லது. ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பதில் என்றால், நேரான பதில் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணி நியமனக் கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் விலகினால் 90 நாள் முன்னறிவிப்பு, அவர்கள் விலக்கினால் 30 நாள் என்று இருக்கலாம். இரண்டையும் சமமாக்கித் தரக் கேட்கலாம். வலிய அழைக்கிறவர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். சேரும்போது தருகிற ஊக்கத்தொகையை, ஓராண்டுக்குள் அவர்களாக வேலையைவிட்டு எடுத்தாலும் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் பேச்சே வேண்டாம்.

தவணை விஷயம். கூடுதலாக வருகிற சம்பளத்தை முதல் ஆறு மாதம் தொடாமல் தனிக் கணக்கில் போட்டால் ஏறத்தாழ மூன்று மாதப் பழைய சம்பளம் சேர்ந்துவிடும். அதுவரை பெங்களூரில் தனி வீடு, ஸ்கூட்டர் எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் உங்களையும் சேர்க்கலாம்; வேலை போனால் அதுவும் போகும். உங்களுக்கும் அம்மாவுக்கும் தனிக் காப்பீடு இப்போதே எடுத்து வையுங்கள்.

‘வேலை போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்’ என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் மகளிடம் இந்த வாரம் கேட்காதீர்கள்.

இன்று இரவு உட்கார்ந்து அந்தப் பி.எஃப். பட்டியலில் கடைசிப் பன்னிரண்டு மாதத் தேதிகளைத் தாளில் எழுதுங்கள். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பன்னிரண்டும் 15-க்குள் இருந்து, பணியைப் பற்றி நேரான பதிலும் வந்தால், அவர் போகட்டும். கோவையில் ராஜினாமா கொடுப்பது திருத்திய நியமனக் கடிதம் கையெழுத்தோடு கைக்கு வந்த பிறகு.