கிரியேட்டினின் 2.1: ஓசிடியா, ஐவஸா?

இதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழல்) வைக்கும்போது குழாயின் உள்ளே படம் பிடிக்கும் இரண்டு முறைகள்தான் ஓசிடியும் ஐவஸும். உங்கள் அப்பாவுக்கு எது என்றால், ஐவஸ் போதும். அவருக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2.1 இருக்கும்போது டாக்டர் ஓசிடி வேண்டாம், ஐவஸ் போதும் என்றது, நீங்கள் சந்தேகப்படுவது போல பழைய கருவியைத் தலையில் கட்டுவதற்காக இருக்காது.

காரணம் பெரும்பாலும் சாயம்தான், அதாவது ஆஞ்சியோவில் (இதயக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை) குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் திரவம். ஓசிடி ஒளியால் பார்ப்பது. ரத்தம் குறுக்கே நின்றால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் சாயத்தை வேகமாகச் செலுத்தி ரத்தத்தை விலக்குவார்கள். அது சிறுநீரகத்துக்குச் சுமை. ஐவஸ் ஒலியால் பார்ப்பது, ரத்தத்தின் ஊடாகவே படம் வந்துவிடும். ஓசிடி பத்து மடங்கு துல்லியம் என்று நீங்கள் படித்தது ஏறக்குறைய சரிதான். ஆனால் தென் கொரியாவில் சுமார் 2,000 பேரிடம் நடந்து 2023இல் வெளிவந்த ஆக்டைவஸ் ஆய்வில், ஓராண்டு முடிவில் ஓசிடி ஐவஸுக்குச் சளைத்ததல்ல என்றுதான் தெரிந்தது, மிஞ்சவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேளுங்கள்: ஸ்டென்ட் வைத்த பிறகும் ஐவஸைக் குழாய்க்குள் செலுத்திப் பார்ப்பார்களா? சுண்ணாம்பு படிந்த குழாயில் ஸ்டென்ட் முழுதாக விரியாமல் நிற்கலாம். ஆஞ்சியோவில் அது நன்றாக இருப்பது போலவே தெரியலாம். இடது பிரதானக் குழாய் அல்லாத இடங்களில், ஸ்டென்டின் மிகக் குறுகிய இடத்தில் உட்பரப்பு 5.5 சதுர மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐவஸ் என்றாலும் சாயம் அறவே இல்லாமல் ஆகாது, ஆஞ்சியோவுக்குக் கொஞ்சம் வேண்டும். சலைன் ஏற்றுவது பற்றியும், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பற்றியும் சிறுநீரக டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.