கெட்டில் என்ற சொல்: கேள்வி பதில்

கேள்வி: நம் கெண்டிதான் ஆங்கிலத்தில் கெட்டில் ஆனது என்கிறார்களே, சரிதானா?

பதில்: இல்லை. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. சொல் முதலில் எப்போது, எங்கே பதிவானது என்று பார்க்க வேண்டும். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்த விவிலியத்திலேயே (மாற்கு 7:4) இது 'கட்டில்ஸ்' என்ற சொல்லாக வருகிறது. ஆங்கிலேயக் கப்பல் இந்தியக் கரையைத் தொட்டது அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு. ஜெர்மனில் கெஸ்ஸல், டச்சில் கேட்டல் என்று ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுக்க இச்சொல் பரவியிருப்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: அப்படியானால் மூலம் எது?

பதில்: லத்தீன். 'கத்தீனுஸ்' என்றால் ஆழமான கிண்ணம், சட்டி. அதன் சிறுமை வடிவம் 'கத்தில்லுஸ்'. ரோமானிய வெண்கல, பித்தளைப் பாத்திரங்கள் எல்லை தாண்டி ஜெர்மானியரிடம் விலைபோயின. பொருளோடு பெயரும் போயிற்று. வட ஜெர்மனியின் ஹெம்மோரில் ரோமானியப் பித்தளை வாளிகள் ஈமத்தாழிகளாகவே கிடைத்திருக்கின்றன.

கேள்வி: பழைய ஆங்கிலத்தில் இதைச் சகரத்தில் சொன்னார்களாம். ககரம் எப்படி வந்தது?

பதில்: நல்ல கேள்வி, விஷயமே இங்கேதான் இருக்கிறது. இ, எ போன்ற முன்னுயிருக்கு முன்னால் வரும் ககரம் பழைய ஆங்கிலத்தில் சகரமாகும். லத்தீன் 'காசேயுஸ்' ஜெர்மனில் 'கேஸெ', ஆங்கிலத்தில் 'சீஸ்'. நமக்குப் புதிதல்ல: கன்னடக் 'கிவி' தமிழில் 'செவி'. அந்த விதிப்படி 'செட்டல்' என்றே நிலைத்திருக்க வேண்டும்; இடைக்கால ஆங்கில ஏடுகளில் அவ்வடிவமும் உண்டு. ஆனால் 9ஆம் நூற்றாண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள், அதாவது நார்ஸ் மொழி பேசிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், 'கெட்டில்' என்றார்கள். அவர்கள் மொழியில் அந்த மாற்றம் நடக்கவில்லை. அவர்களுடைய ககரமே வென்றது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

கேள்வி: மூக்கு வைத்த பாத்திரம் என்ற பொருள் தொடக்கத்திலேயே உண்டா?

பதில்: கிடையாது. அடுப்பில் ஏற்றும் பெரிய அண்டா, கொப்பரைதான் முதற்பொருள். 17ஆம் நூற்றாண்டில் தேநீர் இங்கிலாந்துக்கு வந்த பிறகே இன்றைய பொருள் ஊன்றியது. பழைய சமையல் நூலில் கெட்டில் என்று கண்டால் தேநீர்க் கெட்டிலை நினைத்துவிடாதீர்கள், செய்முறையே தப்பாகிவிடும். முழு மீனை வேகவைக்கும் நீளப் பாத்திரத்துக்கு இன்றும் ஃபிஷ் கெட்டில் என்றே பெயர். செம்புக் கிண்ணத்தில் தோல் போர்த்திய முரசு கெட்டில் டிரம்.

கேள்வி: கெட்டில் என்று குடும்பப் பெயர்கூட இருக்கிறதே?

பதில்: அதுவும் இதே சொல்தான். நார்ஸ் மக்கள் 'கெட்டில்' என்று ஆளுக்கே பெயர் வைத்தார்கள். தோர் கடவுளின் பெயரைச் சேர்த்துத் 'தோர்கெட்டில்' என்றும் வைத்தார்கள். இங்கிலாந்தின் தர்க்கெட்டில் குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது.