குழந்தைக்கு என்ன உடுத்துவது என்பதில் தங்கள் மானமே இருப்பதுபோல் அம்மாக்கள் ஏன் நடந்துகொள்கிறார்கள்?

கேட்டவர் ஓர் அப்பா என்று நினைக்கிறேன். மனைவி துணிக்கடையில் இரண்டு மணி நேரம் காக்கவைத்திருப்பார், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இதைத் தட்டியிருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், 11 வருடமாக. வருவதில் பாதி குழந்தைத் துணிதான். 98, 104, 110 என்று ஐரோப்பிய சைஸ். பிள்ளையின் உயரம் சென்டிமீட்டரில், ஆறு ஆறாக ஏறும். முகம் தெரியாத பிள்ளைகளின் சட்டையில் ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை தேடுவதுதான் என் பிழைப்பு. துணியைத் தடவினாலே அதன் எடை 160 ஜிஎஸ்எம்மா (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) 180ஆ என்று சொல்லிவிடுவேன். என் பிள்ளைக்கு மட்டும் ஏனோதானோவென்று உடுத்துவேனா?

பாப்பாவுக்கு நான்கு வயது இருக்கும்போது காங்கேயத்தில் ஒரு காதுகுத்து. சித்திரை வெயில். பூப்போல இருக்கிற இன்டர்லாக் காட்டன் கவுன் போட்டுக் கூட்டிப்போனேன். (கம்பெனியிலிருந்து தூக்கி வந்தது என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிய சர்ப்ளஸ், ஏற்றுமதியில் மிஞ்சிய துணி.) பந்தியில் வீட்டுக்காரரின் அத்தை, "ஏங்கண்ணு, பாப்பாவுக்கு ஒரு பட்டுப்பாவாடை கூடவா இல்ல?" என்றார். வீட்டுக்காரர் அடுத்த இலையில்தான் இருந்தார். கேள்வி எனக்கு மட்டும். அதற்கு முந்தின மாதம் அவர் பாப்பாவுக்குச் சட்டையை முன்பின்னாக மாட்டிக் கடைவீதிக்கே கூட்டிப்போனபோது, "பாவம், ஆம்பளைக்கு என்ன தெரியும்" என்று சிரித்ததும் இதே அத்தைதான்.

அடுத்த வாரமே 2,800 ரூபாய்க்குப் பட்டுப்பாவாடை எடுத்தேன். வீம்புதான். இரண்டு தடவை கட்டினாள், இப்போது பீரோவில் கிடக்கிறது. பட்டு ஆகாது என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

பட்டாவது பரவாயில்லை. இந்தப் பள்ளி யூனிஃபார்ம் இருக்கிறதே! பள்ளியிலேயேதான் வாங்க வேண்டுமாம். தொட்டாலே தெரிகிறது, பாலியஸ்டர் கலப்பு. வேர்வையை இழுக்காது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஊரே காட்டன் பனியன் தைத்துக் கப்பலில் ஏற்றுகிறது, எங்கள் பிள்ளைகளுக்கு பாலியஸ்டர். கூட்டத்தில் கேட்டால் "மேனேஜ்மென்ட் முடிவு மேடம்" என்கிறார்கள். சரி, விடுங்கள்.

பாப்பாவுக்கு இப்போது 10 வயது. போன தீபாவளிக்கு அவளே ஒரு டீ ஷர்ட் எடுத்தாள். கறுப்பு. தீபாவளிக்குக் கறுப்பு! அதுகூடப் போகட்டும், மடித்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பக்கத் தையல் சாய்ந்திருக்கிறது, ஒரு தடவை துவைத்தால் முறுக்கிக்கொள்ளும். என் டேபிளுக்கு வந்திருந்தால் ரிஜெக்ட். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டாள். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முறுக்கித்தான் விட்டது. விலாவில் இருக்க வேண்டிய தையல் தொப்புளுக்கு வந்து நிற்கிறது. இன்றைக்கும் ட்யூஷனுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். வழியனுப்ப நானும் வீட்டுக்காரரும் வாசலில் நின்றோம். எதிர்வீட்டு அக்கா பாப்பாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.