கணினி கேள்வி-பதில்: பக்கம் அனுப்பும் மதிப்பும் செயலி பெறும் மதிப்பும்

கேள்வி: எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் இணையதளத்தில் தனி ஊசலின் அலைவைக் காட்டும் ஜாவா ஆப்லெட் (இணையப் பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) ஒன்றை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தோம். ஊசலின் நீளத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் அந்தந்தப் பக்கத்தில் எழுதினால் போதும். ஒரே ஆப்லெட் பூமிக்கும் நிலவுக்கும் பயன்பட்டது. இப்போது எந்த உலாவியும் அதைத் திறப்பதில்லை என்பதால் மாணவர் ஒருவர் அதை ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதி, ஐஃப்ரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) வைத்துக் கொடுத்தார். சில பக்கங்களில் ஊசல் அசையாமல் நிற்கிறது. வேறு சில பக்கங்களில் மிக மெதுவாக ஆடுகிறது. பழைய பக்கங்களில் இருந்த அதே மதிப்புகளைத்தான் அனுப்புகிறோம். பழைய நிரலையும் புதிய நிரலையும் இணைத்துள்ளேன். பிழை எங்கே இருக்கிறது? (கல்லூரி ஆசிரியை)

பதில்: இரண்டு நிரல்களையும் படித்துப் பார்த்தேன். ஊசலை வரையும் பகுதியில் பிழை ஏதும் இல்லை. மாணவர் அதை நன்றாகவே எழுதியிருக்கிறார். பக்கம் தரும் மதிப்பைச் செயலி வாங்கிக்கொள்ளும் நான்கைந்து வரிகளில்தான் சிக்கல் இருக்கிறது. பழைய முறை எப்படி இயங்கியது என்பதை முதலில் பார்த்துவிட்டால் புதிய பிழை தானாகவே புலப்படும்.

ஆப்லெட் காலத்தில் பக்கத்தை எழுதுபவர் 'ஆப்லெட்' குறிச்சொல்லுக்குள் 'பாரம்' என்னும் குறிச்சொற்களை வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் இருக்கும். இவற்றைத்தான் அளபுருக்கள் அல்லது பாராமீட்டர்கள் என்கிறோம். ஆப்லெட் 'கெட்பாராமீட்டர்' என்ற செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்து, பெயரைச் சொல்லி மதிப்பைக் கேட்டு வாங்கும். அந்த அழைப்பை ஆப்லெட் தொடங்கும்போது ஓடும் 'இனிட்' செயற்கூற்றிலோ அதற்குப் பிறகோதான் செய்ய வேண்டும். அதற்கும் முன்பே, ஆப்லெட் உருவாகும் கணத்தில் ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் செய்தால், பக்கத்துக்கும் ஆப்லெட்டுக்கும் இடையிலான இணைப்பு அந்நேரத்தில் ஏற்பட்டிருக்காது என்பதால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆப்லெட் எழுதிப் பழகியவர்களில் இந்தப் பள்ளத்தில் ஒரு முறையேனும் விழாதவர் குறைவு. வந்து சேரும் மதிப்பு எப்போதும் எழுத்துச் சரமாகவே இருக்கும். பக்கத்தில் 9.8 என்று எழுதினாலும் ஆப்லெட்டின் கைக்கு வருவது எண் அன்று. 9, புள்ளி, 8 என்னும் மூன்று எழுத்துகளே. அதை எண்ணாக மாற்றுவது ஆப்லெட்டின் பொறுப்பு. கேட்ட பெயரில் அளபுரு எதுவும் இல்லையென்றால் 'நல்' என்னும் வெறுமை வரும்.

உங்கள் பழைய நிரலை எழுதியவர் இவற்றையெல்லாம் கவனத்துடன் கையாண்டிருக்கிறார். வெறுமை வந்தால் 9.8 என்று கொள்கிறார். நீளத்துடன் சென்டிமீட்டர் என்ற அலகு ஒட்டிக்கொண்டு வந்தால் அதைப் பிரித்தெடுத்து 100ஆல் வகுக்கிறார். அந்த வரிகள் வேண்டாதவை என்று எண்ணி மாணவர் விட்டுவிட்டார் போலும். வேறு மொழிக்கு மாற்றி எழுதும்போது முதலில் பலியாவது பெரும்பாலும் இத்தகைய தற்காப்பு வரிகள்தான்.

இனி, அசையாமல் நிற்கும் ஊசலைப் பார்ப்போம். ஐஃப்ரேமின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் அளபுருக்களைப் புதிய நிரல் 'யூஆர்எல்சர்ச்பாராம்ஸ்' வழியாகப் படிக்கிறது. இதுவும் கெட்பாராமீட்டரைப் போலவே சரத்தையோ வெறுமையையோதான் தரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கெட்பாராமீட்டர் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் அவற்றை வேறு வேறாகக் கருதும். உங்கள் பக்கங்களில் பாதி 'கிராவிட்டி' என்ற பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. நிரல் கேட்பதோ சிறிய எழுத்தில் தொடங்கும் பெயரை. ஆகவே அந்தப் பக்கங்களில் வெறுமைதான் கிடைக்கிறது. ஜாவாவாக இருந்திருந்தால் வெறுமையை எண்ணாக மாற்ற முயன்ற இடத்திலேயே பிழை எழுந்து, நீங்கள் அன்றே கண்டுபிடித்திருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் 'நம்பர்' செயற்கூறோ வெறுமையைக் கொடுத்தால் எந்த முறையீடும் இன்றி 0 என்று திருப்பித் தருகிறது. ஈர்ப்பு முடுக்கம் 0 என்றால் ஊசலை இழுக்க எந்த விசையும் இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. இயற்பியலின்படி அது சரியான விடையே என்பதால்தான் பிழை இவ்வளவு நாள் மறைந்திருந்தது.

மெதுவாக ஆடும் ஊசலின் காரணம் வேறு. நீளத்தை எண்ணாக்க மாணவர் 'பார்ஸ்ஃப்ளோட்' என்ற வேறொரு செயற்கூற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். அது சரத்தின் தொடக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடும். பக்கத்தில் 100 சென்டிமீட்டர் என்று இருப்பது 100 ஆகிறது. சூத்திரம் மீட்டரை எதிர்பார்ப்பதால் 100 மீட்டர் ஆகிறது. 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் பூமியில் ஏறத்தாழ 2 வினாடி. 100 மீட்டர் ஊசலுக்கோ ஏறத்தாழ 20 வினாடி. உங்கள் மாணவர்கள் திரையில் பார்த்தது அந்த ஊசலைத்தான்.

திருத்தத்தை இப்படிச் செய்யுங்கள். எல்லாப் பக்கங்களிலும் பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றுங்கள். அலகை மதிப்பில் சேர்க்காமல், நீளம் மீட்டரில் என்று ஒரே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். நிரலில் முதலில் வெறுமையா, காலிச் சரமா என்று பாருங்கள். காலிச் சரத்துக்கும் 'நம்பர்' 0தான் தரும். இரண்டும் இல்லையென்றால் மட்டும் 'நம்பர்' கொண்டு மாற்றுங்கள். அலகு ஒட்டியிருந்தால் அது எண் அன்று என்று சொல்லிவிடும். பிறகு மதிப்பு பொருந்தும் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதியுங்கள். நிலவின் 1.62 வரலாம், வியாழனின் 24.8 வரலாம், 0 வரக் கூடாது. சோதனையில் தேறாத மதிப்பு வந்தால் பேசாமல் இயல்பு மதிப்புக்குப் போய்விடாமல், 'ஈர்ப்பு முடுக்கம் தரப்படவில்லை, 9.8 எனக் கொள்ளப்பட்டது' என்று ஊசலின் கீழே ஒரு வரி காட்டுங்கள். அடுத்த ஆண்டு புதிய பக்கம் எழுதப்போகும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி பெரும் உதவியாக இருக்கும்.

பழைய ஆப்லெட்டை உலாவிகள் ஏன் திறப்பதில்லை என்றும் கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். ஆப்லெட் இயங்குவதற்குத் தேவையான செருகுநிரல் (பிளகின்) ஆதரவைக் குரோம் 2015 செப்டம்பரிலும், ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் நீக்கிவிட்டன. 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து செருகுநிரலே இல்லை.

கேள்வி: என் வினாடி வினாச் செயலியை வேறொரு பக்கத்தில் பதித்து, தலைப்பை முகவரி வழியாகத் தமிழில் அனுப்புகிறேன். சில நேரம் தலைப்புக்குப் பதில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாகத் தெரிகின்றன. 'சி++ வினாக்கள்' என்று அனுப்பினால் கூட்டல் குறிகள் காணாமல் போகின்றன. (பொறியியல் மாணவர்)

பதில்: முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக எழுதப்படும். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கணக்குப்படி எழுத்து மூன்று. யூனிகோடு கணக்குப்படி இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் ஐந்து. எனவே முகவரியில் அது 45 எழுத்துகளாக நீள்கிறது. இப்படி மாறுவது பிழையன்று. மாறியதை இன்னொரு முறை மாற்றுவதுதான் பிழை; உங்கள் நிரலில் நிகழ்வது அதுவே. 'என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்' கொண்டு நீங்களே ஒரு முறை மாற்றிவிட்டு, அந்தச் சரத்தை யூஆர்எல்சர்ச்பாராம்ஸிடம் கொடுக்கிறீர்கள். அது விழுக்காட்டுக் குறிகளையே மறுபடி மாற்றிவிடுகிறது. பெறும் பக்கத்தில் ஒரு முறைதான் அவிழ்க்கப்படுகிறது என்பதால் மிச்சம் திரையில் தெரிகிறது.

கூட்டல் குறியின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே நீங்கள் மாற்றாமலே முகவரியில் ஒட்டியிருக்கிறீர்கள். படிவங்களின் பழைய மரபுப்படி முகவரியின் கேள்விக்குறிக்குப் பின் வரும் கூட்டல் குறிக்கு இடைவெளி என்று பொருள். ஆகவே 'சி'க்குப் பின் இருந்த கூட்டல் குறிகளின் இடத்தில் இரண்டு இடைவெளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. அனுப்பும் பக்கத்திலும் யூஆர்எல்சர்ச்பாராம்ஸையே கொண்டு முகவரியை உருவாக்குங்கள். கையால் எதையும் ஒட்ட வேண்டாம். இரண்டு குறைகளும் சேர்ந்தே நீங்கும்.

கேள்வி: யூடியூப் காணொளியைப் பக்கத்தில் பதித்து 'லூப்' அளபுருவுக்கு 1 கொடுத்தேன். திரும்ப ஓடவில்லையே? (இல்லத்தரசி)

பதில்: ஒற்றைக் காணொளிக்கு 'லூப்' மட்டும் போதாது. 'பிளேலிஸ்ட்' என்ற அளபுருவையும் சேர்த்து, அதே காணொளியின் அடையாளத்தை மதிப்பாகக் கொடுங்கள். நடுவிலிருந்து தொடங்க வேண்டுமானால் 'ஸ்டார்ட்' அளபுருவில் நேரத்தை முழு வினாடிகளில் எழுதுங்கள். 2 நிமிடம் 10 வினாடி என்றால் 130.

கேள்வி: எங்கள் பயிற்சி மையப் பக்கத்துக்குள் தேர்வுச் செயலி ஒன்று ஐஃப்ரேமில் ஓடுகிறது. உள்நுழைந்த மாணவரின் அனுமதிச் சாவியை முகவரி அளபுருவாக அனுப்புவது தவறு என்கிறார் நண்பர். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு உலாவிக்குள்ளேயே செய்தி அனுப்பும் 'போஸ்ட்மெசேஜ்' முறைக்கு மாறினோம். ஆனால் செய்தி சில நேரம் சேர்கிறது, சில நேரம் சேர்வதில்லை. (மென்பொருள் பணியாளர்)

பதில்: நண்பர் சொல்வது முற்றிலும் சரி. முகவரியில் எழுதியது வழங்கியின் (சர்வர்) பதிவேட்டில் தங்கும். மாணவர் ஒருவர் அந்தச் சட்டகத்தின் இணைப்பை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினால் சாவியும் கூடவே போகும். முகவரியில் '#' குறிக்குப் பின் எழுதுவது வழங்கிக்குச் செல்லாது என்பது உண்மையே. ஆயினும் இணைப்பை நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்தே வரும். மொழி, நிறம், பாட எண் போன்ற மறைக்கத் தேவையில்லாதவற்றுக்கு மட்டும் முகவரியைப் பயன்படுத்துங்கள்.

போஸ்ட்மெசேஜில் இன்னொரு வசதியும் உண்டு. முகவரியில் எல்லாமே சரமாகிவிடும். 'ஃபால்ஸ்' என்று அனுப்பினால்கூட அது காலியற்ற சரம் என்பதால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 'ஆம்' என்றே கொள்ளும். போஸ்ட்மெசேஜிலோ எண் எண்ணாகவும், உண்மை பொய் அப்படியேயும், பட்டியல் பட்டியலாகவும் சென்று சேரும்.

உங்கள் செய்தி தொலைவது நேரப் பொருத்தம் இல்லாததால். சட்டகம் ஏற்றப்பட்டது என்ற நிகழ்வு வந்தவுடன் நீங்கள் அனுப்புகிறீர்கள். செயலியோ வினாத்தாளைத் தரவிறக்கி முடித்த பிறகுதான் செய்தியைக் கேட்கத் தொடங்குகிறது. இணைப்பு வேகமாக இருக்கும் நாளில் இரண்டும் பொருந்திவிடுகின்றன. மற்ற நாளில் கேட்பார் இல்லாத நேரத்தில் செய்தி வந்து போய்விடுகிறது. அதை எடுத்து வைத்திருந்து பிறகு தருவார் யாரும் இல்லை. ஆகவே வரிசையைத் திருப்புங்கள். செயலி முதலில் கேட்கும் நிலைக்கு வந்து, 'ஆயத்தம்' என்று தாய்ப் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். அதைப் பெற்ற பிறகே தாய்ப் பக்கம் சாவியை அனுப்பட்டும். சில வினாடிகள் ஒத்திவைத்து அனுப்புவது தீர்வாகாது. மெதுவான கைப்பேசி இணைப்பில் எந்த ஒத்திவைப்பும் போதாமல் போகும்.

உங்கள் நிரலில் பெறுநரின் தளம் எழுத வேண்டிய இடத்தில் '*' என்ற உடுக்குறி இருப்பதைக் கண்டேன். யார் அந்தச் சட்டகத்தில் இருந்தாலும் சாவியைக் கொடு என்று அதற்குப் பொருள். தேர்வுச் செயலியின் தளத்தை முழுமையாக எழுதுங்கள். செயலியும், செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று காட்டும் 'ஆரிஜின்' மதிப்பை உங்கள் தளத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். உங்கள் தளத்தின் பெயர் அதில் எங்கேனும் அடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. வேறொருவர் உங்கள் தளப் பெயரைத் தம் தளப் பெயரின் முன்னொட்டாக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைச் செயலி இதே வழியில் தாய்ப் பக்கத்துக்கு அனுப்ப, பக்கம் அதை வழங்கியில் சேமிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றியே ஆக வேண்டும். உலாவிக்குள் நடப்பது எல்லாம் மாணவரின் கணினியில் நடப்பது. உலாவியின் உருவாக்குநர் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் 40ஐ 95 ஆக்கி அனுப்பலாம். செயலி மாணவர் தேர்ந்த விடைகளை மட்டும் வழங்கிக்கு அனுப்பட்டும். விடைக்குறிப்பு வழங்கியிலேயே இருந்து, மதிப்பெண்ணும் அங்கேயே கணக்கிடப்படட்டும். தாய்ப் பக்கத்துக்கு 'முடிந்தது' என்ற ஒரு செய்தி போதும். அதைக் கண்டதும் பக்கம் வழங்கியிடம் மதிப்பெண்ணைக் கேட்டுக் காட்டலாம்.