பேச்சு வரவில்லையா, காது கேட்கவில்லையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் எல்லோரும் எங்கள் படுகு மொழிதான் பேசுவோம். ப்ளே ஸ்கூலில், “மற்ற பிள்ளைகள் ரைம்ஸ் சொல்கிறார்கள், இவள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, பேச்சும் புரியவில்லை. வீட்டில் படுகை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் பேசுங்கள்” என்கிறார்கள். நான் வேலைக்குப் போவதால் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு வேலை இருக்கும் நேரமெல்லாம் மகள் கையில் போன். இந்தக் குளிருக்கு மாதம் தவறாமல் சளி வேறு. டிவி சத்தமாக இருந்தால்தான் பார்ப்பாள். கோவைக்குக் குடிபோய் நல்ல ஸ்கூலில் சேர்த்தால் சரியாகிவிடுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: கோவையை அப்புறம் பார்ப்போம். கடிதத்தில் போகிறபோக்கில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: மாதம் தவறாத சளி, டிவி சத்தம், கூப்பிட்டால் திரும்பாதது. எனக்கு முதலில் கண்ணில் பட்டவை அவைதான். உங்கள் மகளின் காதைப் பரிசோதித்துவிட்டீர்களா?

சின்னக் குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, சீழும் வடியாது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பிள்ளைக்கு நாம் பேசுவது தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பது மாதிரிதான் கேட்கும். கதவு அறைந்தால் திரும்புவாள். ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப்போகும். காதில் தெளிவாக விழாத சொல் வாயில் எப்படித் தெளிவாக வரும்? ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. அதனால் “கேட்குது, வேணும்னே திரும்ப மாட்டேங்குறா” என்று பிள்ளைக்குத் திட்டு விழும்.

பெரும்பாலும் இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். திரும்பத் திரும்பச் சளி பிடிக்கும் குழந்தைக்கு அப்படியே நிற்கவும் கூடும். ஆகவே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் ‘டிம்பனோமெட்ரி’ பரிசோதனையும் கேட்கும் திறன் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. அரசு மருத்துவமனை வழியாகப் போவதானால் மாவட்ட இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே உள்ள இடம் அது. அதுவரை எண்ணெய் காய்ச்சிக் காதில் விட வேண்டாம். குளிருக்கு அடுப்பங்கரையிலேயே பிள்ளையை உட்கார வைக்கும் பழக்கம் இருந்தால், விறகுப் புகை அடிக்காத இடமாகப் பாருங்கள். புகையும் சிகரெட்டும் இந்தக் காதுப் பிரச்சினையைக் கூட்டும்.

படுகை நிறுத்தச் சொன்னதைத் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு மொழி, மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. நீலகிரியில் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, ஸ்கூலில் ஒன்று என்று பேசித்தான் எத்தனையோ தலைமுறை வளர்ந்திருக்கிறது. இரண்டு மொழியையும் கலந்து பேசினால் அது குழப்பம் இல்லை, அந்த வயதின் இயல்பு. பாட்டி தட்டுத் தடுமாறிப் பேசும் பத்து இங்கிலீஷ் சொல்லைவிட, அவர் சரளமாகப் பேசும் படுகில்தான் கதையும் கோபமும் கேலியும் இருக்கும். பிள்ளை அதிலிருந்துதான் பேசக் கற்கும்.

போனின் குறையும் இதுதான். அது பேசும், பதில் பேசாது. மாமியார் பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கிண்ணம் கொடுக்கட்டும். “இதுல எத்தனை இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவள் “மூணு” என்றால், “ஆமா, மூணு. ஒண்ணு மட்டும் குட்டியா இருக்கு, பாத்தியா?” என்று ஒரு படி நீட்டிச் சொல்லட்டும். எண்ணிக்கை, பெரிது சிறிது, விரல் நுனிப் பிடிப்பு என்று எல்லாமே அந்தத் தோலுக்குள் இருக்கிறது. அந்த விரல் தயாராகாமல் நோட்டில் வரிவரியாக எழுதச் சொல்லும் ப்ளே ஸ்கூல்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி இந்த வயதுக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். மாமியாரைக் குறை சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம். நாள் முழுக்கப் பிள்ளையையும் பார்த்து, சமைத்து, தேயிலையையும் பார்ப்பவர் போனைக் கொடுப்பதில் ஆச்சரியமில்லை. பக்கத்து அங்கன்வாடியில் காலை நேரம் விட முடியுமா என்று பாருங்கள். பிள்ளைகளோடு விளையாட்டு, சத்துணவு, முட்டை, எடை பார்ப்பது எல்லாம் அங்கே உண்டு.

இன்னொன்று. தேயிலை மலையில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். காலையில் டீயில் வர்க்கியை முக்கிக் கொடுத்துவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பும் வீடாக இருந்தால் அதை மாற்றுங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்பு குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும், கவனம் நிற்காது. நாம் அதை மந்தம் என்போம். ராகிக் களி, அவரை, கீரை, முட்டை என்று உங்கள் வீட்டிலேயே நல்ல சாப்பாடு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச் சத்து மருந்தையும் தவறாமல் கொடுங்கள். உப்பு அயோடின் கலந்ததாகவே இருக்கட்டும். மலை மண்ணில் அயோடினை மழை அரித்துக்கொண்டு போய்விடும். டப்பாவை மூடி, அடுப்பு அனலுக்குத் தள்ளி வையுங்கள்.

மூன்றரை வயதில் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேச வேண்டும், வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். ரைம்ஸ் வராதது ஒரு குறையே இல்லை. ஆனால் கண் பார்த்துப் பழகாமல் இருந்தாலோ, பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை விளையாட்டே இல்லை என்றாலோ, முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோயிருந்தாலோ காது ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் கூட்டிப் போங்கள்.

கோவை விஷயம்: இப்போது போனால் பாட்டி கூட இருக்க மாட்டார், நீங்களும் வேலை தேட வேண்டும், காதில் நீர் இருந்தால் அதுவும் கூடவே வரும். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். காது பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மிஸ்ஸிடமும் ரிப்போர்ட்டைக் காட்டி, பிள்ளையை முன் வரிசையில் உட்காரவைத்து முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.